நடுநிலைப் பள்ளியில் வரலாறு நடத்தும் வேலை எப்படி இருக்கும்?

"வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டேன், பி.எட். சேரலாமா என்று யோசிக்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துவது எப்படி இருக்கும்? அவர்களுக்குச் சலிப்புத் தட்டாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நடுநிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் என்று தனிப் பணியிடம் கிடையாது. சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் என்றுதான் போடுவார்கள். வரலாறு, புவியியல், குடிமையியல் எல்லாம் உங்கள் தலையில்தான். ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாளிலும் 150 மதிப்பெண்ணில் 60 சமூக அறிவியலுக்கு. அதனால் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எல்லாவற்றையும் இப்போதே தூசி தட்டிவிடுங்கள். எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவது, பதிவேடுகள், விடுப்பில் இருப்பவரின் பாடவேளை என்று நாளில் கணிசமான நேரம் போய்விடும். இது எல்லா ஆசிரியருக்கும் உள்ளதுதான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், ராஜராஜ சோழனும் கட்டபொம்மனும் சண்டை போட்டா யாரு ஜெயிப்பாங்க?" என்று கேட்டான். வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்த ஆரம்பித்துவிட்டது. ராஜராஜன் அரியணை ஏறியது 985-ல், கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-ல், நடுவில் எண்ணூறு வருஷம் இருக்கிறது என்று கரும்பலகையில் கழித்துக் காட்டினேன். அமைதியாகப் பார்த்தார்கள். பிறகு அதே பையன், "அப்ப அவரு இவருக்குத் தாத்தாவா டீச்சர்?" என்றான்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இரண்டே காலம்தான் உண்டு. ஒன்று இப்போது. மற்றது "அந்தக் காலத்துல". அந்தக் காலத்துக்குள் டைனோசர், அசோகர், காந்தி, அப்பத்தாவின் கல்யாணம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இதைப் பிரித்து, எது எதற்கு எவ்வளவு பின்னால் என்று அவர்கள் மனதில் படிய வைப்பதுதான் இந்த மூன்று வகுப்புகளிலும் என் வேலை என்று நினைக்கிறேன். மன்னர்களின் பெயரும் போர்களும் மறந்து போகும், போகட்டும். காலத்தின் தூரம் ஒரு தடவை பிடிபட்டால் அப்புறம் மறக்காது.

அதற்கு நான் ஒரு தேங்காய் நார்க் கயிறு வைத்திருக்கிறேன். ஒரு அடிக்குப் பத்து வருஷம் என்று கணக்கு. வகுப்பறை வாசல்தான் இன்றைய நாள். அங்கிருந்து மைதானத்தின் வழியே கயிற்றை இழுப்போம். பிள்ளைகளின் முழு வாழ்க்கையும் முதல் ஒன்றரை அடிக்குள் முடிந்துவிடும். அதைப் பார்த்ததும் அவர்கள் முகம் போகும் போக்கைச் சொல்லி மாளாது. எட்டாவது அடிக்குச் சற்று முன்னால் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948. கட்டபொம்மன் இருபத்து மூன்றாவது அடியில். கிழவன் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை, 1687, முப்பத்து நான்காவது அடி. ராஜராஜனிடம் போகக் கயிற்றோடு சேர்ந்து நூறு அடிக்கு மேல் நடக்க வேண்டும். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கையில் உள்ள தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு ஏறக்குறைய இருநூறாவது அடி. எங்கள் பள்ளியின் கேட் அங்கேதான் வருகிறது. சிந்துவெளி? கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, கண்மாய்க் கரையில். முதல் தடவை அங்கே போய் நின்றபோது ஒரு பெண் பிள்ளை திரும்பி, தூரத்தில் தெரிந்த வகுப்பறை வாசலைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு நம்ம கண்ணுக்கே தெரிய மாட்டோம்ல டீச்சர்" என்றாள். அன்று முழுவதும் அது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

கரைக்குப் போய்விட்டால் சும்மா திரும்ப மாட்டோம். கண்மாய்க்குள் இரண்டு கல்தூணும் குறுக்குக் கல்லும் நிற்கும். கோடையில் பையன்கள் அதில் ஏறித்தான் விளையாடுவார்கள். அது குமிழித்தூம்பு, கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல் அமைப்பு. அடியில் கல்பெட்டி, அதன் மேல்பக்கம் நீரோடித் துளை, கீழ்ப்பக்கம் சேறோடித் துளைகள். மேலே உள்ள அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போகும். அந்த வேகத்தில் கீழே படிந்த வண்டலும் கூடவே போய்விடும். எங்கள் மாவட்டத்தில் பல தூம்புக் கல்லில் அதை வைத்துக் கொடுத்தவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்த் தூம்பில் எழுத்து இல்லை. எழுத்து இல்லாத கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கேயே உட்கார்ந்து பேசுவோம். பாடப்புத்தகத்தில் "சான்றுகள்" என்ற தலைப்பில் இருப்பதை நான் நடத்துவது இங்கேதான்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் சோழர் பாடம். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 919, 921. பெயர் எழுதிய ஓலைகளைப் பானையில் போட்டு ஊர்ச் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதுதான் குடவோலை. அதில் சீட்டு எடுப்பதைப் பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டலாம் என்று உற்சாகமாகப் பானையெல்லாம் கொண்டு போனேன். தகுதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி அந்தக் கால நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள். வாசித்துவிட்டு யோசிக்காமல், "யார் வீட்டுல சொந்த நிலம் இருக்கு, எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டேன். ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். முன் பெஞ்சில் இருந்த பையன் தலை நிமிரவே இல்லை. அந்த அரை நிமிடத்துக்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

இப்போது அதைச் செய்யும்போது ஆளுக்கொரு சீட்டு கொடுக்கிறேன். ஒன்றில் நிலமுள்ள பிராமணர், ஒன்றில் உழவர், ஒன்றில் குயவர், ஒன்றில் விதவைப் பெண், ஒன்றில் கணக்குக் காட்டாத பழைய உறுப்பினர். யாருக்கு எது வரும் என்று எனக்கே தெரியாது. தகுதிகளைப் படித்து முடிக்கும்போது நிற்பவர்கள் மிகக் குறைவு. வேதம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கல்வெட்டில் உண்டு, அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரின் சபை. கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்ததை நினைத்து நான் பெருமைப்படுகிறேன், பிள்ளைகளிடமும் அப்படியே சொல்கிறேன். அதே கல்வெட்டு ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்களை வெளியே நிறுத்தியதையும் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நியாயம், அநியாயத்தைப் பற்றிப் பன்னிரண்டு வயதில் இருக்கும் கூர்மை நமக்கெல்லாம் மிச்சமிருந்தாலே பெரிய விஷயம்.

வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) செயல்பாடு தர வேண்டும் அல்லவா, அதற்குப் படம் ஒட்டிக்கொண்டு வரச் சொல்வதை நிறுத்திவிட்டேன். வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வரச் சொல்கிறேன். ஒரு பிள்ளை தன் அப்பத்தா சைக்கிள் பழகிய கதையை எழுதி வந்தாள். 1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு கற்பிக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். "ராத்திரி படிப்பு முடிஞ்சதும் வாடகை சைக்கிள எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போவோம், விழுந்து முட்டி பேந்தத வீட்டுல சொல்லல" என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். கயிற்றில் நாலாவது அடிக்குள் அந்தத் தாளைக் குத்தி வைத்தோம். பக்கத்து வீட்டு ஆயாவையும் விசாரித்து, இருவர் சொன்னதும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று அவளே எழுதி வந்தாள். நான் சொல்லித் தரவில்லை.

சலிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கேள்வி பதிலை மனப்பாடம் செய்யச் சொல்லும் நாட்களில் பிள்ளைகளுக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு. அப்படிப்பட்ட நாட்கள் தேர்வுக்கு முன் வரத்தான் செய்யும். மற்ற நாட்களில் எனக்கு மணி அடிப்பதே தெரியாது.

போன மாதம் ஒரு பையன் அம்மாயியின் சுருக்குப் பையிலிருந்து ஒரு அம்மன் காசு கொண்டு வந்தான். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் வெளியிட்ட சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". எல்லோரும் கை மாற்றிப் பார்த்தார்கள். கயிற்றில் வைக்கப் போனபோதுதான் சிக்கல். "இதுல வருஷமே போடலியே டீச்சர், எங்க வைக்கிறது?" என்று அவன் கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் இருந்த பிள்ளை, "சமஸ்தானம் 1948-ல முடிஞ்சிருச்சுல்ல, அப்ப எட்டாவது அடிக்கு இந்தப் பக்கம் வைக்க முடியாது, அந்தப் பக்கம்தான் எங்கயோ" என்றாள். காசைக் காகிதத்தில் சுற்றி மாலையே அம்மாயியிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி அனுப்பினேன்.