கொல்கத்தா: கடிகாரம் பார்த்துக் கிளம்புங்கள்

வாசகர் கேள்வி – பதில்

காளிகாட், தட்சிணேஸ்வரம், விக்டோரியா நினைவு மண்டபம் பற்றியெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடும். அவற்றை விட்டுவிட்டு, ‘இது இந்த ஊரில்தான் கிடைக்கும்’ என்கிற ரகக் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். போய்வந்த வாசகர்களின் குறிப்புகளும் இடையிடையே உண்டு.

டிரெட்டா பஜாரில் தெருவோரச் சீனக் காலைச் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி ஞாயிறு ஒன்பதரைக்குப் போன நண்பர், அங்கே காய்கறிக் கடைகளைத்தான் பார்த்திருக்கிறார். மூடிவிட்டார்களா? (வாசகர், கோவை)

மூடவில்லை. உங்கள் நண்பர் மூன்றரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். லால்பஜார் காவல் தலைமையகத்துக்கு அருகே, போதார் கோர்ட் கட்டடத்தை ஒட்டிய தெருவில் ஆறு மணிக்கெல்லாம் ஆவி பறக்கும். எட்டு மணிக்குப் பாத்திரங்கள் காலி. அதற்குப் பிறகு அதே இடம் காய்கறிக்காரர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் கடைகள் அதிகம். வார நாளில் எண்ணிக்கை குறைவு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்கத்தா மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். வழக்கமாக ஒன்பது மணி. ‘சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும்’ என்று படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். முதல் நாள் இரவே டாக்ஸிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள்.

மீன் உருண்டை சூப், பன்றிக்கறி வைத்து ஆவியில் வேகவைத்த பன், மோமோ, சாசேஜ் ஆகியவைதான் பிரதானம். சைவர்களுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. வேடிக்கை பார்த்துவிட்டு நகரின் எந்த முனையிலும் கிடைக்கும் கச்சூரி, உருளைக்கிழங்குக் கறிக்குப் போய்விடலாம். வெனிஸ்காரரான டிரெட்டாவின் பெயரைத் தாங்கிய சந்தையில் சீனச் சாப்பாடு, அதை வாங்க வரிசையில் வங்காளிகள்! 1962 இந்திய–சீனப் போருக்குப் பிறகு சீனக் குடும்பங்கள் பல வெளியேறிவிட்டதால், கடைக்காரர்களில் சீனர் அல்லாதவர்களும் நிறைய.

வாசகி ஒருவர், சேலம், எழுதும் குறிப்பு: பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக எடுத்துப்போங்கள். காலை ஆறு மணிக்கு ஐந்நூறு ரூபாயை நீட்டினால் விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சூப்புக்கு உட்கார இடம் தேடாதீர்கள், நின்றபடிதான்.

கங்கைக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் தண்ணீர் தெரியுமா? எங்கே ஏறினால் அந்த இடம் வரும்? (ஏழாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி)

தண்ணீர் தெரியாது கண்ணு. மீன் நீந்துகிற கண்ணாடிக் குழாய் என்று யாராவது சொல்லியிருந்தால் அது படம் வரைந்தவரின் கற்பனை. ஓடுவது கான்கிரீட் சுரங்கத்தில். ஆற்றுக்கு அடியில் வரும் 520 மீட்டருக்கு மட்டும் சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 45 விநாடிகளில் கடந்துவிடும். கைப்பேசியைத் தேடி எடுப்பதற்குள் முடிந்துவிடும் என்பதால் முன்பே தயாராக இரு. ஹவுரா ஸ்டேஷனில் ஏறி, அடுத்த நிறுத்தமான மகாகரண் வருவதற்குள் கவனி. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கங்கையின் கிளையான ஹூக்ளி ஆறு ஓடுகிறது. இந்தப் பகுதி பயணிகளுக்குத் திறக்கப்பட்டது 2024 மார்ச்சில்.

பெற்றோருக்கு ஒரு யோசனை: போகும்போது ஆற்றுக்கு அடியில் மெட்ரோ, திரும்பும்போது ஆற்றின் மேல் படகு, மறுநாள் காலை ஆற்றுக்கு மேலே பாலத்தில் நடை. ஒரே ஆற்றை மூன்று விதமாகக் கடந்துவிடலாம். ஹவுரா படகுத்துறை ஸ்டேஷனுக்கு எதிரேயே இருக்கிறது. கட்டணம் டீ காசுதான்.

ஹவுரா பாலத்தில் நடக்கலாமா? மல்லிக் காட் பூச்சந்தைக்கு அதில் வழி உண்டா? (வாசகர், திண்டுக்கல்)

இரண்டுக்கும் ஆம். ஹவுராவிலிருந்து நகரை நோக்கி நடந்தால் சந்தை உங்கள் வலக்கைப் பக்கம், பாலம் முடிகிற இடத்தில். படிக்கட்டில் இறங்கினால் நேரே செவ்வந்திக் குவியலுக்குள் போய் நிற்பீர்கள். ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் போங்கள். பத்து மணிக்கு மேல் மிஞ்சுவது வாடலும் சகதியும். நல்ல செருப்பு வேண்டாம். ரப்பர் செருப்பு போதும்.

மாலைகளைக் கொத்துக் கொத்தாகத் தோளில் போட்டு வருகிறவர்களுக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அவர்கள் குரல் கொடுத்தால் சட்டென்று ஓரம் ஒதுங்குங்கள். அந்த நெரிசலில் நின்று செல்ஃபி எடுப்பதுதான் அங்கே அடிக்கடி சண்டைக்குக் காரணம். மேலிருந்து சந்தையைப் பார்க்கப் பாலத்தின் நடைபாதை நல்ல இடம். ஆனால் பாலத்தில் படமெடுக்கத் தடை என்ற விதி நெடுநாளாக இருக்கிறது. பெரிய கேமராவையும் முக்காலியையும் கண்டால் காவலர் வந்துவிடுவார்.

நடக்கும்போது பாலத்தின் தொங்கு கம்பங்களின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். 1943-இல் திறந்த இந்தப் பாலத்தில் நட்டு, போல்ட் கிடையாது, எல்லாமே ரிவெட். வெயில், மழை, லாரி எல்லாவற்றையும் தாங்கிய எஃகை அரித்தது வெற்றிலைச் சாறு! நடந்துபோகிறவர்கள் துப்பித் துப்பி, சுண்ணாம்பு கலந்த எச்சில் அடிப்பாகத்து எஃகு உறைகளின் தடிமனைப் பாதியாக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஃபைபர் கண்ணாடியில் உறை போட்டார்கள், கழுவினால் போய்விடும் என்று.

குமார்துலியில் துர்க்கை சிலை செய்வதைப் பார்க்க எந்த மாதம் ஏற்றது? பூஜை நாட்களில்தான் லீவு கிடைக்கிறது. (வாசகி, கும்பகோணம்)

பூஜை நாட்களில், சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்துலி காலியாக இருக்கும். சிலைகள் பந்தலுக்குப் போயிருக்கும். பார்க்க வேண்டியது ஆடியிலிருந்து புரட்டாசி அமாவாசை வரை. எந்த வாரம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காட்சி மாறும் என்பதால் வேலையின் வரிசையைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் மூங்கில் சட்டம். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுகக் கட்டி உடம்பு, தொடை, கை எல்லாம் உருவாக்குவார்கள். தலையும் விரல்களும் அப்போது இருக்காது. அடுத்து, உமி கலந்த களிமண் பூச்சு. உமி எதற்கென்றால், வெறும் களிமண் காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். உமி அதைப் பிடித்து நிறுத்தும். அது காய்ந்தபின் மிருதுவான ஆற்று மண்ணில் இரண்டாம் பூச்சு. முகத்தை அச்சில் தனியாக எடுத்து ஒட்டுவார்கள்; விரல்களைக் கையால் உருட்டிச் சேர்ப்பார்கள். ஒட்டிய இடத்தில் விரிசல் வராமலிருக்க மண் கரைசலில் நனைத்த துணிக் கீற்றைக் கழுத்து, மணிக்கட்டுகளைச் சுற்றி ஒட்டுவதைக் கவனியுங்கள். நம் ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற மாதிரியே இருக்கும். அப்புறம் வெள்ளைச் சுண்ணப் பூச்சு, பிறகு வண்ணம். மரபான வண்ணத்தில் பசையாகச் சேர்ப்பது புளியங்கொட்டையைக் காய்ச்சிய கூழ். சணலில் தலைமுடி, நெட்டியில் நகை.

வேலையைக் கெடுப்பது மழை. ஆவணியில் நாலு நாள் விடாமல் பெய்தால் மண் காயாது. ஊதுவிளக்கை வைத்துச் சிலையைச் சுட்டுக் காயவைப்பார்கள். அவசரத்தில் நெருப்பைக் கிட்டே கொண்டுபோனால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்; வெடிப்பு அங்கிருந்து கிளம்பும். மகாளய அமாவாசை அன்று கண் திறப்பது மரபு. இப்போது ஆர்டர்கள் குவிவதால் பல பட்டறைகளில் முன்கூட்டியே கண் எழுதிவிடுகிறார்கள். அந்த நாளை மட்டும் நம்பிப் போகாமல், பத்து நாள் முன்பே போவது நல்லது.

ஷோபாபஜார் சுதாநுடி மெட்ரோவில் இறங்கி, பனமாலி சர்க்கார் தெரு என்று கேட்டு நடந்தால் கால் மணி நேரம். சந்து குறுகல், ஒருவர் சிலையைத் தூக்கிவந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டுங்கள். காயாத விரல் ஒன்று பையில் பட்டு முறிந்தால் அது அவருக்கு அரை நாள் வேலை. படமெடுக்கச் சீட்டு வாங்கச் சொல்வதுண்டு. வாங்கிவிடுங்கள், பேரம் வேண்டாம்.

டிராம் இன்னும் ஓடுகிறதா, ஐயா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்)

எஸ்பிளனேட் – மைதான் தடத்தைப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. எனவே பழைய பயண நூல்களில் உள்ள தட எண்களை நம்ப வேண்டாம். நேராக எஸ்பிளனேட் டிராம் டிப்போவுக்குப் போய், அன்றைக்கு எது கிளம்புகிறதோ அதில் ஏறுவதே வழி. உங்களுக்கு ஒரு தகவல்: சென்னையில் மின்சார டிராம் 1895-லேயே வந்துவிட்டது, கொல்கத்தாவுக்கு 1902-இல்தான். நாம் 1953-இல் கைகழுவிவிட்டோம், அவர்கள் பிடிவாதமாக வைத்துக்கொண்டார்கள்.

மார்பிள் பேலஸ் வாசலில் ‘அனுமதிக் கடிதம் எங்கே’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறார் என் தம்பி. (வாசகர், புதுச்சேரி)

அது 1835-இல் கட்டப்பட்ட தனியார் வீடு. குடும்பத்தார் இன்னும் ஒரு பகுதியில் வசிக்கிறார்கள். நுழைவு இலவசம். ஆனால் மாநிலச் சுற்றுலாத் துறையின் பி.பா.தி. பாக் (பழைய டல்ஹௌசி சதுக்கம்) அலுவலகத்தில் குறைந்தது ஒரு நாள் முன்னதாக, அடையாள அட்டையைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். திங்கள், வியாழன் விடுமுறை. உள்ளே படமெடுக்கக் கூடாது. சுற்றிக்காட்டுகிறவர் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஏதாவது கொடுப்பது வழக்கம்.

புச்கா நம் பானிபூரிதானே? (பல வாசகர்கள்)

வங்காளி ஒருவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்! உள்ளே வைப்பது பட்டாணி அல்ல. வேகவைத்த உருளைக்கிழங்கை வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சை மிளகாய், வறுத்த மசாலாப் பொடி, புளிக்கரைசல் சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். தண்ணீரும் புளித்தண்ணீர், இனிப்பு கிடையாது. காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசையும் முன்பே ‘ஜால் கொம்’ என்று சொல்லிவிடுங்கள். பிசைந்தபின் சொல்லிப் பயனில்லை.

தட்டில் மொத்தமாகத் தர மாட்டார். சால் இலைத் தொன்னையை நீட்டியபடி நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகச் சுற்றி வரும். வாயில் இருப்பதை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். போதும் என்று தொன்னையைப் போடும் முன் ‘ஃபாவு’ கேளுங்கள். தண்ணீர் ஊற்றாமல் மசாலா மட்டும் வைத்து ஒன்று இலவசமாகத் தருவார். நம் கொசுறுதான். கேட்காமல் போனால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். தெருத் தண்ணீருக்குப் பயப்படும் வயிறு உள்ளவர்கள் ஆலுதம் (உருளைக்கிழங்குக் கறி) வைத்த புச்கா கேட்கலாம். அதில் தண்ணீர் இல்லை.

சந்தேஷ் வாங்கி வந்தால் சென்னை சேர்வதற்குள் புளித்துவிடுகிறது. என்ன செய்ய? (வாசகி, தாம்பரம்)

பால் திரட்டில் செய்யும் இந்த இனிப்பில் இரண்டு பதம் உண்டு என்பதைக் கடையில் கேட்காமல் வாங்கியிருப்பீர்கள். ‘நொரம்பாக்’ என்பது மிருதுவானது. அன்றைக்கே சாப்பிட வேண்டியது. ‘கொடாபாக்’ என்பது தீயில் அதிக நேரம் கிளறி ஈரத்தை வற்றவைத்தது; பயணம் தாங்கும். ‘பாக்’ வேறொன்றுமில்லை, நளபாகத்தில் வருகிற பாகம்தான். ரயிலில் வருவதென்றால் கொடாபாக் மட்டும் வாங்குங்கள், அதையும் கிளம்பும் நாளில். ரசகுல்லாவை டின்னில் வாங்குவது உத்தமம். மிஷ்டி தோயை, அதாவது இனிப்புத் தயிரை, அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்: மண்சட்டி நீரை உறிஞ்சுவதால்தான் அது அவ்வளவு கெட்டி, ஆனால் வெயிலில் ஒரு நாள் தாங்காது.

பேரீச்சம் பதநீரில் காய்ச்சும் புது வெல்லம், அதாவது நொலேன் குர் சேர்த்த சந்தேஷ் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். மே மாதத்தில் அந்தப் பெயரில் விற்பதில் பழைய மணம் எதிர்பார்க்காதீர்கள். ‘ஜொல்பொரா’ என்ற ரகத்தின் நடுவே பாகு இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் முழுசாக வாயில் போட்டுக்கொள்ளவும்.

காலேஜ் தெரு காபி ஹவுஸில் காபி எப்படி? (வாசகர், மயிலாப்பூர்)

கும்பகோணம் டிகிரி காபியை மனதில் வைத்துப் போகாதீர்கள். ‘இன்ஃப்யூஷன்’ என்றால் பாலில்லாத கறுப்புக் காபி. பால் வேண்டுமென்றால் ‘ஹாட் காபி’. தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் வர நேரமாகும், எழுப்பிவிட நேரம் அதைவிட அதிகமாகும். ஒரு கோப்பைக்கு இரண்டு மணி நேரம் பேசலாம். மேல் மாடத்திலிருந்து கூடம் முழுவதும் தெரியும். புத்தகம் வாங்கும் எண்ணமிருந்தால் ஞாயிறு வேண்டாம், தெருவே அடைத்திருக்கும்.

இன்னும் சில, சுருக்கமாக

டாங்ராவின் சீனக் காளி கோயிலில் நூடுல்ஸ் பிரசாதம் என்பது உண்மைதான். (ஈரோடு)

பிரின்செப் காட் படித்துறைக்குச் சுற்றுவட்ட ரயிலில் போகலாம். ரயில் ஆற்றை ஒட்டியே வரும், ஸ்டேஷன் அங்குள்ள மண்டபத்தின் அருகிலேயே. 1830-களில் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவிடம் அது. (கல்வெட்டு ஆர்வலர், மதுரை)

கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில் மாலையில் சதுரங்கம் ஆடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். யோசனை சொன்னால் முறைப்பார்கள். (நாகர்கோவில்)

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடும். ஹவுரா வாசலில் வரவேற்க நிற்கும் உறவினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் இட்லிக்கு நாக்கு ஏங்கினால் காளிகாட் மெட்ரோவில் இறங்கி லேக் மார்க்கெட் பக்கம் நடங்கள்; தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி என்பதால் வாழையிலை, கறிவேப்பிலை, காபித்தூள் மூன்றும் அங்கே கிடைக்கும். (செங்கல்பட்டு)