ரயிலில் நடுங்கும் கோடு, விமானத்தில் கசியும் பேனா

காட்பாடியில் ஏறி ரயிலில் வரைந்தால் கோடு நடுங்குகிறது, விமானத்தில் மைப்பேனா கசிந்து நோட்டே பாழாகிறது என்று கேட்டிருந்தீர்கள். கசிவுக்குக் காரணம் காற்றழுத்தம். விமானம் மேலே ஏறும்போது கேபினுக்குள் அழுத்தம் குறையும். பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். அதனால் மையை முழுக்க நிரப்புங்கள், இல்லையென்றால் சுத்தமாகக் காலி செய்யுங்கள். அரைகுறைதான் ஆபத்து. ஏறி முடிக்கும்வரை நிப் மேலே பார்த்திருக்கட்டும். பென்சிலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

ரயிலில் நோட்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்போடு சேர்ந்து ஆடினால் கை அவ்வளவு தடுமாறாது. தண்டவாளத்தை ஒட்டிய மரங்களை விடுங்கள், பறந்துவிடும். வேலூர்ப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் தூரத்தில் மெதுவாகத்தான் நகரும். குன்றின் விளிம்பை ஒரே இழுப்பில் போடுங்கள், உருண்டைப் பாறைகளை அப்புறம் சேர்க்கலாம். ஆட்களை வரைய, வண்டி ஸ்டேஷனில் நிற்கும் நேரமே நல்லது.