முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் லண்டனில் எந்த மியூசிக்கல்?

வணக்கம். லண்டனில் இரண்டே இரவுகள், எட்டு வயது மகள், ஆங்கிலம் அதிகம் புரியாத, முழங்கால் வலியுள்ள அம்மா என்று எழுதியிருந்தீர்கள். எந்த மியூசிக்கல், அதாவது பாட்டோடு நடக்கும் மேடை நாடகம், பார்க்கலாம் என்றால், யோசிக்காமல் ‘லயன் கிங்’ போங்கள். 1999 முதல் லைசியம் தியேட்டரில் ஓடுகிறது.

இன்னொரு மியூசிக்கலான ‘லே மிசராப்லே’ எனக்கு உயிர்தான். ஆனால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், கதை முழுக்கப் பாட்டிலேயே நகரும். வார்த்தை பிடிபடாவிட்டால் அம்மா இடைவேளைக்குள் தூங்கிவிடுவார்.

லயன் கிங்கில் மொழி பெரிய தடையில்லை. முதல் பாட்டிலேயே மிருகங்கள் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து மேடைக்குப் போகும். அதனால் கீழ்த்தளத்தில், நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மேல்மாடியில் உட்கார்ந்தால் இது கைவிட்டுப் போகும். படிகளும் செங்குத்து, அம்மாவுக்கு ஆகவே ஆகாது. டிக்கெட் எடுக்கும்போதே முழங்கால் விஷயத்தைச் சொல்லி, படி குறைவான இடம் கேளுங்கள்.

மாலைக் காட்சி வேண்டாம், மேட்டினி போதும். குழந்தையும் தூங்கி வழியாது.

அப்புறம், தியேட்டருக்குப் பக்கத்திலுள்ள கோவென்ட் கார்டன் சுரங்க ரயில் ஸ்டேஷனில் லிஃப்டைத் தவறவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய்விடாதீர்கள், 193 படி! தியேட்டருக்கு அருகிலுள்ள ஸ்ட்ராண்ட் சாலை வரை பஸ்ஸில் போவது நல்லது.

இடைவேளையில் சின்ன டப்பாவில் ஐஸ்கிரீம் விற்பார்கள். கரண்டி தனியாகத் தர மாட்டார்கள், மூடிக்குள்ளேயே இருக்கும். நான் முதல் தடவை எழுந்து போய்க் கரண்டி கேட்டு அசடு வழிந்தேன்.