மகள் தேசியப் பாதுகாப்புச் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள், அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் மகள், மேற்படிப்புக்குத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை எடுக்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இது உளவு வேலையா, உயிருக்கு ஆபத்து உண்டா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றுக்குத்தான் கூடுதலாக இடம் எடுத்துக்கொள்வேன்.

முதலில் பெயரால் வந்த குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியாவில் 1980-இல் வந்த தடுப்புக்காவல் சட்டத்துக்கும் இதே பெயர்தான். உங்கள் மகள் சொல்வது ஒரு முழுத் துறையை. போர், உளவுத் தகவல், ஒட்டுக்கேட்பு, நெருக்கடி நிலை, பயங்கரவாத வழக்குகள், இணையத் தாக்குதல், ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய தொழில்நுட்பத்தின் ஏற்றுமதி என எல்லாம் அதில் அடங்கும். இந்த விஷயங்களில் அரசு எதுவரை போகலாம், யாரிடம் அனுமதி வாங்கவேண்டும், தவறினால் யார் கேள்வி கேட்பது என்பதுதான் பாடம். பெரும்பகுதி மேசையில் உட்கார்ந்து படித்து, எழுதிக் கொடுக்கும் வேலை. உயிர் பயம் வேண்டாம்.

வேலை விஷயத்துக்கு வருவோம். அமைச்சகங்களின் சட்டப் பிரிவுகள், நாடாளுமன்றக் குழுக்கள், ஆய்வு நிறுவனங்கள், மனித உரிமை அமைப்புகள் என்று வழக்கமான இடங்கள் இருக்கின்றன. ராணுவத்துக்கும் வழக்கறிஞர்கள் தேவை. போர்க்கால விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 82-ஆம் பிரிவு, படைத் தளபதிகளுக்கு ஆலோசனை சொல்லச் சட்ட அறிஞர்கள் இருக்கவேண்டும் என்கிறது. 36-ஆம் பிரிவு, புதிய ஆயுதம் ஒவ்வொன்றும் சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கச் சொல்கிறது. தானாக இலக்கைத் தேடும் ஆயுதங்கள் வரும் இந்தக் காலத்தில் அந்த ஒரு பிரிவுக்கே நிறைய ஆட்கள் வேண்டும்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கம் தனியார் துறை. 2017-இல் நாட்பெட்யா என்ற தீம்பொருள், உக்ரைனில் தொடங்கி உலகம் முழுக்கப் பல நிறுவனங்களின் கணினிகளை முடக்கியது. பின்னால் இருப்பது ரஷ்ய ராணுவம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம்சாட்டின. மெர்க் என்ற மருந்து நிறுவனம் காப்பீட்டுத் தொகை கேட்டபோது, இது போர்ச் செயல், போருக்குப் பணம் கிடையாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. சுமார் 140 கோடி டாலர் வழக்கு அது. போர் விலக்குப் பிரிவு இதற்குப் பொருந்தாது என்று 2023-இல் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. துப்பாக்கி வெடிக்காத ஒரு தாக்குதல் போரா, இல்லையா? இன்றைய அரசுகளைத் திணறடிக்கும் இதே கேள்விக்கு ஒரு காப்பீட்டு நிறுவனமும் விடை தேடவேண்டியிருக்கிறது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு எனத் தாக்குதலுக்கு இலக்காகும் பலவும் பல நாடுகளில் தனியார் கையில் இருப்பதால், இரு தரப்புக்கும் இந்தச் சட்டம் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆகவே வேலை உண்டு. மருத்துவம், பொறியியல் போல வரிசையாக வந்து கதவைத் தட்டாது, தேடிப் போகவேண்டும்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. உங்கள் மகளின் மனசாட்சிக்கு இந்த வேலை என்ன செய்யும்?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடுகளிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஃபிரெட் கோரமட்சு என்ற இளைஞர் வெளியேற மறுத்துக் கைதானார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இவர்கள் எதிரிக் கப்பல்களுக்குச் சைகை அனுப்புகிறார்கள் என்கிற மாதிரியான குற்றச்சாட்டுகள் ராணுவத் தளபதியின் அறிக்கையில் இருந்தன. அரசின் வேறு அமைப்புகள் விசாரித்து, அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லியிருந்தன. நீதி அமைச்சகத்தில் இருந்த எட்வர்ட் என்னிஸ், ஜான் பர்லிங் என்ற இரு அரசு வழக்கறிஞர்களுக்கு இது தெரியும். நீதிமன்றத்துக்குப் போகும் மனுவில், அந்த அறிக்கை எங்களிடம் உள்ள தகவல்களோடு முரண்படுகிறது என்று ஓர் அடிக்குறிப்பு சேர்க்க முயன்றார்கள். போர்த் துறை எதிர்த்தது. கடைசியில் உண்மை விளங்காதபடி வாசகத்தை நீர்த்துப்போகச் செய்து அச்சிட்டார்கள். 1944-இல் கோரமட்சு 6-3 என்ற கணக்கில் தோற்றார்.

ஆவணக் காப்பகத்தில் அந்தப் பழைய வரைவுகள் கிடைத்த பிறகு, 1983-இல்தான் அவருடைய தண்டனை நீக்கப்பட்டது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள், அம்மா. இந்தத் துறைக்கு வர நினைக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இந்தக் கதையைச் சொல்கிறேன். அந்த இருவரும் நல்லவர்கள், முயன்றார்கள். ஆனாலும் நீர்த்துப்போன மனுவோடு வழக்கு நடந்தது. உங்கள் மகளும் அப்படி ஒரு மேசையில் ஒரு நாள் உட்காரலாம். பெரியவர்கள் அவசரம் என்பார்கள், ரகசியம் என்பார்கள், நாடு முக்கியம் என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். எது உண்மை என்று பார்த்து, சட்டம் இதற்கு இடம் தராது என்று எழுத்தில் தரும் திடம் வேண்டும். அரசியல் காரணத்துக்காக எதற்கும் தலையாட்டுகிறவர்களும், எதையும் எதிர்க்கிறவர்களும் இங்கே உதவமாட்டார்கள்.

தனிமையும் உண்டு. பிரிட்டனில் 1997-இல் வந்த சட்டப்படி சில வழக்குகளில் சிறப்பு வழக்கறிஞர்களை நியமிக்கிறார்கள். அவர்கள் அரசின் ரகசியச் சான்றுகளைப் பார்க்கலாம். பார்த்த பிறகு, யாருக்காக வாதாடுகிறார்களோ அவரிடமே அனுமதியின்றி வழக்கைப் பற்றிப் பேசமுடியாது. வீட்டில் இன்று என்ன வேலை என்று நீங்கள் கேட்டால், மகள் பேச்சை மாற்றலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், செய்யவேண்டியது. மேற்படிப்புக்கு உடனே பறக்கவேண்டாம் என்பது என் எண்ணம். அரசியல் சட்டம், நிர்வாகச் சட்டம், குற்றவியல் நடைமுறை, சர்வதேசச் சட்டம் நான்கும் உறுதியாக இருக்கட்டும். இரண்டு ஆண்டு நீதிமன்றத்தில் வேலை பார்க்கட்டும். கூடவே வேறொரு திறன் வேண்டும். கணினி வலைப்பின்னல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்த வழக்கறிஞர்கள் குறைவு. அயல்மொழி ஒன்றை நன்றாகப் படித்தவர்கள் இன்னும் குறைவு. நானாக இருந்தால் மொழியைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் தொழில்நுட்பத்தையும் விடமுடியாது. அமெரிக்காவின் அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் 1978-இல் வந்தது, இணையம் பரவுவதற்கு முன்பு. 2008-இல் பெரிய திருத்தம் செய்தும் சர்ச்சை ஓயவில்லை. தொழில்நுட்பம் முன்னே ஓட, சட்டம் பின்னே ஓடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. இரண்டும் புரிந்தவளுக்கு மதிப்பு அதிகம்.

ஒரு சின்னச் சோதனையும் சொல்கிறேன். ஒட்டுக்கேட்பு பற்றிய ஏதாவது ஒரு தீர்ப்பை எடுத்து, இரண்டு மணி நேரத்தில் ஒரே பக்கத்தில், சட்டம் படிக்காத ஓர் அதிகாரிக்குப் புரியும்படி எழுதச் சொல்லுங்கள். அதை நீங்களே படித்துப் பாருங்கள். உங்களுக்குப் புரிந்தால் அவளுக்கு இந்த வேலை வரும்.

இன்னொன்று, இதை இப்போதே கவனியுங்கள். ரகசிய ஆவணங்களைத் தொடும் பதவிகளுக்கு முன் பின்னணி விசாரணை நடக்கும். அடைக்காத கடன், வெளிநாட்டுத் தொடர்புகள், விண்ணப்பத்தில் மறைத்த சின்ன விஷயம் எல்லாம் பார்க்கப்படும். தவறு செய்திருப்பதைவிட அதை மறைப்பதுதான் பெரும்பாலும் ஆளை வீழ்த்துகிறது. மேற்படிப்புக்குக் கடன் வாங்குவதாக இருந்தால், அடைக்கக்கூடிய அளவுக்கு வாங்குங்கள், தாள்களைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஒரு பக்கத்தை அவள் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுப் பேசுகிறேன்.