தேதியை மறக்கும் கம்ப்யூட்டர்

கேள்வி: என் மேசைக் கம்ப்யூட்டருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘எஃப்1 அழுத்தவும்’ என்று நிற்கிறது. அழுத்தினால் விண்டோஸ் வருகிறது, ஆனால் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது. மின்னஞ்சல், வங்கித் தளம் எதுவும் திறப்பதில்லை. ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்கிறது. தேதியைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் பழைய கதைதான். பார்க்க வந்தவர், மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது மதர்போர்டை அல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பட்டன் பேட்டரியை. நல்ல நிலையில் ஓடும் இயந்திரங்கள் இந்த ஒரு சின்ன பேட்டரிக்காகக் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி கிடைப்பது அப்படித்தான். மின்சாரம் இல்லாதபோதும் இந்தக் கடிகாரத்தை ஓட வைப்பது அந்த பேட்டரி. பல பழைய போர்டுகளில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழுந்து கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் நிரல், அதன் அமைப்புகளைக் காப்பதும் அதுவே. 1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யில் இந்த வசதியே கிடையாது. ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் நாமே தட்டிக் கொடுக்க வேண்டும். 1984-இல் வந்த ஏ.டி. மாடலில்தான் பேட்டரியோடு கூடிய கடிகாரம் உள்ளேயே வந்தது. உங்கள் கம்ப்யூட்டர் இப்போது 1981-க்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். அந்த 2009 கூட, எல்லாம் அழிந்தால் இதிலிருந்து தொடங்கு என்று பயாஸில் எழுதி வைத்த தேதியாகத்தான் இருக்கும்.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். இரவில் கம்ப்யூட்டரை வழக்கம்போல நிறுத்துங்கள், ஆனால் சுவர் ஸ்விட்சை அணைக்காதீர்கள். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரத்துக்குத் தேவையான சிறு மின்சாரம் பவர் சப்ளையிலிருந்தே போய்க்கொண்டிருக்கும். காலையில் நேரம் சரியாக இருந்தால், குற்றவாளி பேட்டரிதான் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். சுவர் ஸ்விட்சைத் தினமும் அணைப்பவர்களுக்கு பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் இதுவே காரணம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் பின்தங்கினால் மட்டும் அது வேறு நோய்.

மாற்றும் வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சின்ன உலோகக் கொக்கியை நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ விலக்கினால் அது தானாக எம்பி வரும். பெரும்பாலும் சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும். 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். சி.ஆர்.2025 என்று வருவதும் அதே அகலம்தான், ஆனால் 2.5 மி.மீ. தடிமன், பொருந்துவது போலத் தெரிந்தாலும் தொடர்பு விட்டு விட்டு வரும். அதை வாங்காதீர்கள். கூட்டல் குறி பெரும்பாலும் மேல் பக்கம் வரும், கழற்றும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், 2.7-க்குக் கீழே இறங்கியது இனி உதவாது.

பழைய பேட்டரியை மேசையில் விட்டு வைக்க வேண்டாம். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டே மணி நேரத்தில் அரித்துவிடக்கூடியது அது. எடுத்த கையோடு இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்புறம், நேராக பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் வைத்துச் சேமியுங்கள். எஃப்1 கேட்பது அதோடு நிற்க வேண்டும். இணையம் இருந்தும் விண்டோஸ் ஏன் தானாகத் திருத்தவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால், தனிக் கம்ப்யூட்டரில் அதன் வழக்கமான அமைப்பு தொடாமல் விட்டுவிடும். வங்கித் தளம் திறக்காததற்கும் தேதிதான் காரணம். இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்ட ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும், அதற்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2009-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிரவுசர் தடுப்பது சரியான வேலை. தேதி சரியாகும்வரை அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

பயாஸ் அமைப்புகள் இன்னும் அழியாத நிலையில் பேட்டரி மாற்றுபவர்கள், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசும் முறை பயாஸில் ஏ.எச்.சி.ஐ. என்பதிலிருந்து பழைய ஐ.டி.இ.க்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். உங்களுக்கு அது தினமும் அழிந்தும் விண்டோஸ் வருகிறது, அதனால் கவலை இல்லை.

புதிய பேட்டரிக்கும் சரியாகவில்லை என்றால், அதன் அருகே இருக்கும் ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) பயாஸ் அமைப்புகளை ‘அழி’ என்ற நிலையில் மாட்டியிருக்கிறதா, பேட்டரியைத் தொடும் உலோகத் தகடு வளைந்தோ துருப்பிடித்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மட்டும் மதர்போர்டைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: பரணில் 486 வகைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. இதே சிக்கல்தான். ஆனால் உள்ளே நாணயம் போன்ற பேட்டரியே இல்லை.

பதில்: நீல நிறத்தில் சின்ன உருளை ஒன்றை போர்டில் சாலிடர் செய்திருக்கிறதா? அது நிக்கல்-காட்மியம் பேட்டரி. கசிந்து செம்புத் தடங்களைத் தின்றுவிடும். கடிகாரம் வேண்டாமென்றாலும் அதை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். பச்சை பூத்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். அந்த இடத்தில் நேரடியாக 2032-ஐச் சாலிடர் செய்யக் கூடாது. போர்டு பழைய பேட்டரியை சார்ஜ் செய்தது போல இதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், லித்தியம் பேட்டரி அதைத் தாங்காது. இடையில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு வேண்டும்.

கேள்வி: விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வைத்திருக்கிறேன். மாறி மாறிப் போகும்போது நேரம் சில மணி தள்ளிப் போகிறது. பேட்டரி மாற்றியும் பலனில்லை.

பதில்: பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவு வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள். மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது, உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் நினைக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது சுலபம். கோடையில் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாட்டில் இருந்தால் மட்டும், விண்டோஸைப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தை இரண்டும் தனித்தனியாகத் திருத்திக் குழப்பும்.