ஹெர்மான் ஹையர்மான்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, இவர் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

1864-ல் ரோட்டர்டாமில், யூதக் குடும்பத்தில் பிறந்த டச்சு நாடகாசிரியர். அப்பா பத்திரிகைக்காரர், இவரும் பத்திரிகையில் எழுதினார், அப்புறம் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1924-ல் மறைந்தார். அவரைப் படிக்க 1900-ல் ஆம்ஸ்டர்டாமில் மேடையேறிய 'ஆப் ஹோப் வான் ஸேகன்' நாடகத்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: அந்த நாடகத்தின் கதை என்ன?

நாடகத்தின் பெயர்தான் அதில் வரும் மீன்பிடிக் கப்பலின் பெயரும். மரம் உளுத்துப்போச்சு என்று தச்சர் சொல்லியும் முதலாளி போஸ் அதைக் கடலுக்கு அனுப்புகிறான், ஏனென்றால் கப்பலுக்குக் காப்பீடு இருக்கிறது. க்னீர்ட்யே என்ற விதவை தன் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்கெனவே கடலுக்குக் கொடுத்தவள், மிச்சமிருக்கும் இரண்டு மகன்களும் இந்தக் கப்பலில்தான் போகிறார்கள். சின்னவன் பாரெண்டுக்குப் பயம், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறான், போலீஸ்காரர்கள் அவன் விரல்களைப் பிரித்து இழுத்துப் போகிறார்கள். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தை என்னால் சும்மா தாண்ட முடியாது, ஏனென்றால் வேலைக்குப் போகச் சொல்லி அவனை நெருக்கியவளே அவன் அம்மாதான், வறுமை அவளை அப்படிச் செய்ய வைக்கிறது. கப்பல் திரும்பவில்லை. கடைசிக் காட்சி முதலாளியின் அலுவலகத்தில் நடக்கிறது, அவள் கையில் கொஞ்சம் சாப்பாட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

கேள்வி: இதனால் சட்டமே மாறியதாமே, உண்மையா?

1909-ல் நெதர்லாந்தில் கப்பல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்குப் பொதுமக்களின் மனத்தைத் தயார் செய்ததில் நாடகத்துக்குப் பங்கு உண்டு என்பார்கள். ஆனால் இடையில் ஒன்பது வருடம் இருக்கிறது, நாடகம் மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ரஷ்யப் பெயரில் ஏன் எழுதினார்?

1893-ல் வந்த அவருடைய 'டோரா க்ரேமெர்' நாடகத்தை விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். உடனே 'அஹஸ்வேருஸ்' நாடகத்தை ஒரு ரஷ்யர் எழுதியதாகச் சொல்லி மேடையேற்றினார், அதே ஆட்கள் பாராட்டினார்கள். உள்ளூர்க்காரனுக்கு ஒரு அளவுகோல், வெளிநாட்டுக்காரனுக்கு வேறு அளவுகோல் என்று நிரூபித்துவிட்டார், சரிதானே?

கேள்வி: இதெல்லாம் கட்சிப் பிரச்சாரம் இல்லையா ஐயா?

ஓரளவுக்கு ஆமாம், அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் 1898-ல் வந்த 'கெட்டோ' (யூதர் குடியிருப்பு) நாடகத்தைப் பாருங்கள், தான் பிறந்த யூதச் சமூகத்தின் இறுக்கத்தையே விமர்சித்திருக்கிறார். பிரச்சாரத்துக்காக மட்டும் எழுதுபவர் சொந்த வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டார்.

கேள்வி: டச்சு தெரியாதவர்கள் எப்படிப் படிப்பது?

'ஆப் ஹோப் வான் ஸேகன்' நாடகம் 'தி குட் ஹோப்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. 1903-ல் லண்டனில் மேடையேறியது, ஆங்கில நடிகை எல்லென் டெர்ரியும் அதில் நடித்திருக்கிறார்.