அம்மாவின் மறதிக்குக் கால்சியம் காரணமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஆறு மாதமாக யாருடனும் பேசுவதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். மனச்சோர்வு மாத்திரை பலன் தரவில்லை. ரத்தத்தில் கால்சியம் 12.4 என்கிறார்கள். சம்பந்தம் உண்டா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருக்கலாம். டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம்தான் சரியான அளவு. அது கூடினால் சோர்வு, மறதி, குழப்பம் வரும். சிலருக்கு இல்லாத குரல்கூடக் கேட்கும். மலச்சிக்கல், தீராத தாகம், சிறுநீரகக் கல் உண்டா என்றும் கேளுங்கள். நானாக இருந்தால் முதலில் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்ப்பேன். ‘எலும்புக்கு நல்லது’ என்று கணக்கில்லாமல் விழுங்கிய வைட்டமின் டி அகப்படும்! அது மிஞ்சினாலும் கால்சியம் ஏறும். அடுத்து, பி.டி.ஹெச். பரிசோதனை; அதாவது, ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்ப்பது. தைராய்டுக்குப் பின்னால் அரிசியளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ஒன்றில் கட்டி வந்தாலே போதும், கால்சியம் ஏறும். அந்தக் கட்டியை அகற்றியபின் பலருக்கு மனமும் தெளிகிறது. மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தியோ மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.